எதைக் காட்டுவது?

ஓய்வு வேளையில் பொழுதுபோக்காக யூடியூபில் ஒரு சேனல் தொடங்க எண்ணுகிறோம். கைப்பேசி இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. எதைக் காட்டுவது என்பதுதான் விளங்கவில்லை. உடனே, ஊரார் எதை மிகுதியாகப் பார்க்கின்றனர் என்று தேடப் புகுகிறோம். பிழை அங்கேதான் தொடங்குகிறது.

அத்தளத்தில் 2005 ஏப்ரல் 23 அன்று ஏறிய முதற் காணொளி 19 விநாடியே ஓடுவது. அமெரிக்காவின் சான் டியேகோ விலங்குக் காட்சிச்சாலையில் யானைகளின் முன் நின்று, அவற்றின் துதிக்கை மிக நீளம் என்கிறார் ஓர் இளைஞர். அவ்வளவே! கண்முன் நின்றதே பொருளாயிற்று.

ஆந்திரத்து மஸ்தானம்மாவை நேயர்களிற் சிலர் அறிந்திருக்கலாம். நூறு வயதைக் கடந்தவர் எனப்பட்ட அம்மூதாட்டி திறந்த வெளியில் விறகடுப்பு மூட்டிச் சமைத்ததை, 2018-இல் அவர் மறையுமுன்னரே பல இலட்சம் பேர் கண்டு மகிழ்ந்தனர். வாழ்நாளெல்லாம் செய்துவந்ததையே அவர் காமிராவின் முன்னும் செய்தார்.

நாமும் மாடியில் கீரை வளர்க்கிறோம். பழைய ரேடியோவைப் பழுது பார்க்கிறோம். (ரேடியோவைக் குறித்தது நம் சொந்தப் பாசம்!) அவற்றுள் ஒன்றை எடுத்து, பத்துத் தலைப்புகளைத் தாளில் எழுதிப் பார்ப்போம். நான்காவதிலேயே பேனா நின்றுவிடுமாயின் அது நமக்குரிய பொருளன்று. யாரும் பாராவிடினும் இதைச் செய்வோமா என்றும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வீணை வாசித்துக் காட்டவே சேனல் தொடங்கிய நண்பர் ஒருவர் நமக்கு உண்டு. பார்வையாளர் எண்ணிக்கை ஏறாமையால், பிறர் வழியைப் பின்பற்றித் திரைப்படச் செய்திகளுக்கு மாறினார். எண்ணிக்கை சிறிது ஏறியது. வீணையின் உறையை அவர் அவிழ்த்து ஆறு மாதமாகிறது.