காவல்காரனுக்கு 70 வீதம், நமக்கு 9 வீதம்!
(ஹட்டன் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை, மார்ச் 2024)



கொழும்பிலிருந்து வந்த செய்தியைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. மத்திய வங்கிக்காரர்கள் தங்களுக்குத் தாங்களே 70 வீதம் வரை சம்பளம் கூட்டிக்கொண்டார்கள்! ஜனவரி முதலாம் திகதிதான் வற் வரியை 18 வீதமாக்கி, காஸ் சிலிண்டரையும் அதற்குள் இழுத்துப் போட்டார்கள். அதற்குள் இந்தச் சம்பள உயர்வு!

கேட்டால், படித்தவர்கள் நாட்டை விட்டுப் போய்விடுவார்களாம். நம் வீட்டுப் பெண்கள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனார்களே, சம்பளத்தைக் கூட்டி அவர்களை எவன் நிறுத்தினான்?

இந்த மத்திய வங்கி யார்? நம்முடைய சேமலாப நிதிக்குக் காவல்காரன். உங்கள் சம்பளத்தில் 8 வீதம், கம்பனி கட்ட வேண்டிய 12 வீதம், அத்தனையும் அவன் பொறுப்பில். போன வருஷம் ஜூலை 1, சனிக்கிழமை. வங்கிகளுக்கு ஐந்து நாள் விடுமுறை விட்டுப் பாராளுமன்றத்தைக் கூட்டினார்கள். உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புக்கு 122 பேர் ஆதரவு! வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகளைத் தொடவில்லை. தொழிலாளியின் சேமலாப நிதியிலிருந்த முறிகளைத்தான் 2038 வரை இழுத்தடித்தார்கள். வட்டி 2025 வரை 12 வீதம், பிறகு 9. மறுத்தால் நிதியின் மீதான 14 வீத வரி 30 ஆகும் என்று மிரட்டல் வேறு.

போன மாதம் ஓர் அம்மா சங்கத்துக்கு வந்தார். ஆயுசெல்லாம் கொழுந்தெடுத்த கை. பெருவிரல் வெடிப்பில் கறுப்புச் சாயம் இறங்கியிருந்தது. நாலாய் மடித்த சேமலாபக் கணக்குச் சீட்டை மேசையில் விரித்து, "கூரைத் தகரம் மாத்த இது காணுமா தம்பி?" என்றார். காணாது. 2022இல் அவருக்குக் கிடைத்த வட்டி 9 வீதம். அந்த செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டு நின்றது. அந்தத் தகரத்தைத் தின்றது யார்?

"9 வீதம் உத்தரவாதம்" என்கிறார் அமைச்சர். அவருடைய சம்பளத்தை அந்த முறிகளில் போட்டு 2038 வரை காத்திருக்கட்டும்!

இதைத் தட்டிக்கேட்க வேண்டிய நம் மலையகத்துப் பெரிய தலைவர்கள் எங்கே? சந்தா வெட்டும் நாளில் மட்டும் அவர்களுக்குத் தோட்டத்துப் பாதை தெரியும். மற்ற நாளில் அவர்களுடைய ஜீப்புக்கு மலை ஏறினால் மூச்சு வாங்குகிறது!

நாடு மீண்டுவிட்டதாம். 2021இல் 1,000 ரூபாய் நாட்சம்பளம் வந்தபோது அது 5 டாலர். இந்த 2024 மார்ச்சிலும் அதே 1,000 ரூபாய்; 3 டாலர் சொச்சம். யாரய்யா மீண்டது?

2019இல் வற் வரியை 15இலிருந்து 8 வீதமாக வெட்டிக் கஜானாவைக் காலி செய்தது நாமா? 2022 ஜனவரியில் 50 கோடி டாலரைக் கடன்காரனுக்கு எண்ணிக் கொடுத்துவிட்டு, ஏப்ரல் 12ஆம் திகதி இனிக் கடன் கட்ட முடியாது என்று கையை விரித்தது நாமா? நாட்டை ஆண்ட ராஜபக்ஷ சகோதரர்கள் கோட்டாபய, மஹிந்த, பசில் பொதுமக்களின் நம்பிக்கையை மீறினார்கள் என்று உயர் நீதிமன்றமே போன நவம்பரில் சொல்லிவிட்டது. அவர்கள் சொத்தில் ஒரு சதம் வெட்டினார்களா? வெட்டியது இந்த அம்மாவின் சேமலாபத்தை!

நாம் கேட்பது இரண்டு. அந்தச் சம்பள உயர்வை ரத்துச் செய். சேமலாப நிதியை மத்திய வங்கியிடமிருந்து எடுத்து, தொழிலாளர் பிரதிநிதிகள் உட்காரும் தனிச் சபையிடம் கொடு. மனு வாசலில் இருக்கிறது. கையெழுத்துப் போடாமல் ஒருவரும் கலையாதீர்கள்.