ரிமினிக் கடற்கரையில் இரண்டு வாரம்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

"பத்து நிமிஷம் ஏதாவது பேசுங்க, அரசியலும் அறிவுரையும் மட்டும் வேண்டாம்" என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். அறுபதைத் தாண்டியவனிடமிருந்து இந்த இரண்டையும் பிடுங்கிவிட்டால் மிச்சம் என்ன இருக்கும்? பயணக் கதைதான். சொல்கிறேன்.

என் மகள் மணந்துகொண்டது ஓர் இத்தாலியரை. மாப்பிள்ளையின் பெற்றோர் பொலோனியா நகரத்துக்காரர்கள். 2018 ஆகஸ்டில் நானும் என் வீட்டம்மாவும் அவர்களோடு அட்ரியாட்டிக் கடலோரம் ரிமினியில் இரண்டு வாரம் தங்கினோம். கல்யாணத்துக்குப் பிறகு சம்பந்திகள் ஒரே கூரையின் கீழ் இருந்தது அதுதான் முதல் தடவை. மனஸ்தாபம் எதுவும் வராமல் திரும்ப வேண்டுமே என்பதுதான் என் கவலையெல்லாம். மகளுக்கும் அதே கவலை. ஆனால் அவள் வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முதல் ஆச்சரியம் கடற்கரையேதான். நாம் மெரினாவுக்குப் போனால் இஷ்டப்பட்ட இடத்தில் உட்காருவோம். அங்கே மணலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். அளவெடுத்து நட்டது போல வரிசை வரிசையாகக் குடைகள், ஒவ்வொரு குடைக்கும் இரண்டு சாய்வு நாற்காலி. முன்வரிசைக்கு வாடகை அதிகம், நம் சினிமாக் கொட்டகைக்கு நேர் எதிர்! "கடல் பார்க்கக் காசா?" என்று நான் முணுமுணுத்தேன். தண்ணீரை ஒட்டிய ஓரத்தில் யாரும் இலவசமாக நடக்கலாம், அது சட்டம் என்று மாப்பிள்ளை விளக்கினார். இந்தக் குத்தகை அப்பனுக்குப் பின் பிள்ளை என்று கைமாறி வருகிறது. பொது ஏலம் விடவேண்டும் என்று அவர்களின் உயர் நிர்வாக நீதிமன்றம் 2021-இல் சொல்லியும், 2024-இல் அரசாங்கம் 2027 வரை தவணை வாங்கிக்கொண்டது. இந்த விஷயத்தில் நமக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை போலும்.

பல குடும்பங்கள் வருஷா வருஷம் அதே குடையைத்தான் எடுக்கின்றன. அதனால் பக்கத்துக் குடைக்காரர்கள் எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. யாருக்கு ஆபரேஷன், யார் பெண்ணுக்கு வேலை கிடைத்தது என்று எல்லாமே பேசப்படும். வெள்ளைக்காரர்கள் சொந்த விஷயம் கேட்கமாட்டார்கள் என்று யாரோ எங்களுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். கேட்டார்கள் ஐயா! முதல் நாளே என் பென்ஷன் வரைக்கும் வந்துவிட்டார்கள்.

உடை விஷயத்தில்தான் சங்கடம். எழுபத்து நான்கு வயதுச் சம்பந்தியம்மா இரண்டு துண்டு நீச்சலுடையில் வெயிலில் படுத்திருக்கிறார், கறுக்கவேண்டுமாம். நம் ஊரில் வெளுக்க என்னவெல்லாமோ பூசுகிறார்கள்! என் வீட்டம்மா பச்சைப் புடவையில் குடை நிழலை விட்டு நகரவில்லை. எல்லோரும் தன்னையே பார்ப்பதாக அவளுக்கு ஒரு கூச்சம். "நான் அறையிலேயே இருந்துக்கிறேனே" என்றாள் மூன்றாம் நாள்.

சாப்பாட்டில் இன்னொரு சிக்கல். அந்தப் பக்கத்தில் பியதினா என்று நம் சப்பாத்தி போல ஒரு ரொட்டி. பார்த்ததும் எங்களுக்கு உயிர் வந்தது. ஆனால் மாவில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். நாங்கள் சைவம். சம்பந்தியம்மா ஒன்றும் பேசாமல் கடை கடையாக ஏறி இறங்கி, ஆலிவ் எண்ணெயில் பிசையும் கடையைக் கண்டுபிடித்துவிட்டு வந்தார். அதே அம்மா, மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான் பால் காபி கேட்டதும் முகம் சுளித்தார். பால் காபி அங்கே காலையோடு சரி. சாப்பிட்ட பின் குடித்தால் வயிறு கெடும் என்கிறார்கள்.

சாப்பிட்டு மூன்று மணி நேரம் பேரன் தண்ணீரில் இறங்கக்கூடாது. ஈரத் துணியோடு நிற்கக்கூடாது, கழுத்தில் காற்றுப் படக்கூடாது. இதெல்லாம் என் பாட்டி சொன்னவை! என் வீட்டம்மாவும் சம்பந்தியம்மாவும் பாஷை தெரியாமலே இந்த ஒரு விஷயத்தில் கூட்டணி சேர்ந்துவிட்டார்கள். சாப்பிட்டவுடன் குளிப்பதால் மூழ்கிப்போவார்கள் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். அதை அங்கே சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

எட்டாம் நாள், ஐந்து வயதுப் பேரனைக் காணோம். பந்தைத் துரத்திப் போனவன், குடைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கவும் திசை தெரியாமல் நடந்துவிட்டான். என் மகள் அழவில்லை, தண்ணீரையே வெறித்துக்கொண்டு நின்றாள். அதை நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது. நான் ஒரு பக்கம் ஓட, சம்பந்தி ஒரு பக்கம் ஓட, பக்கத்துக் குடைக்காரர்கள் அத்தனை பேரும் செருப்புக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டார்கள். ரிமினியில் கடற்கரை நெடுக ஒலிபெருக்கிக் கம்பங்கள் உண்டு. காணாமல் போன பிள்ளைகளை அதில்தான் அறிவிப்பார்கள். இருபது நிமிஷம் கழித்து அது பேசியது. மாப்பிள்ளை கேட்டுவிட்டு அப்படியே மணலில் உட்கார்ந்தார். பையன் ஐந்தாறு பகுதி தள்ளி, உயிர்காக்கும் காவலரிடம் பத்திரமாக இருந்தான். குடையின் எண் என்ன என்று கேட்டதற்கு, "பாட்டி பச்சைப் புடவை கட்டியிருப்பாங்க" என்று இத்தாலிய மொழியில் சொல்லியிருக்கிறான். அதையும் சேர்த்தே அறிவித்துவிட்டார்கள். கடற்கரை முழுக்க அப்படி ஒருத்திதானே இருந்தாள்!

மறுநாளிலிருந்து வழியில் போகிறவர்களெல்லாம் அவளுக்கு வணக்கம் சொன்னார்கள். அறையிலே இருக்கிறேன் என்ற பேச்சும் நின்றது. ஒரு சாயங்காலம் சம்பந்தியம்மா கையைப் பிடித்துக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீர் வரை, புடவையோடு, போய் வந்தாள்.

2020 ஜனவரியில் அவர்கள் சென்னை வந்தார்கள். மெரினாவைக் காட்டினேன். சம்பந்தி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்துவிட்டு, "இவ்வளவு மணல் இருக்கிறது, குடை எங்கே?" என்றார். இங்கே குளிக்கவே போலீஸ் விடாது என்றதும் அவர் முகத்தைப் பார்க்கவேண்டுமே! சுண்டல் வாங்கிக் கொடுத்துச் சமாதானப்படுத்தினேன்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.