களுவாஞ்சிக்குடியிலிருந்து சென்னைக்கு எவ்வளவு தூரம்?



கண் வைத்தியத்திற்காகச் சென்னைக்குப் புறப்படவிருந்த எங்களூர் முதியவர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார். விமானம் ஒன்றரை மணி நேரத்துள் போய்விடும் எனப் பயண முகவர் சொன்னாராம். "அப்படியானால், தம்பி, முதல்நாள் மாலையே ஏன் வீட்டைவிட்டுக் கிளம்பச் சொல்கிறார்கள்?" என்பது அவருடைய ஐயம்.

வாவிக்கரையில் வாழ்வோர்க்கு இவ்வையம் புதிதன்று. குருமண்வெளித் துறையில் நின்றால் எதிரே மண்டூர்க் கரை தெரியும். பாதை என்று நாம் வழங்கும் மிதவை இக்கரையில் நின்றால் விரைவில் அக்கரை சேரலாம். அக்கரையில் நின்றாலோ அது வரும்வரை காத்திருக்க வேண்டியதே. விமானப் பயணமும் இத்தகையதே.

வரைபடத்தில் நேர்கோடிட்டு அளந்து பார்த்தேன். கட்டுநாயக்காவிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறத்தாழ 644 கிலோமீற்றர். களுவாஞ்சிக்குடியிலிருந்தோ 630! நமது ஊர் கட்டுநாயக்காவைவிடச் சற்று வடக்கே இருப்பதே காரணம். எனினும், வடக்கே போகவேண்டிய நாம் முதலில் இரவு முழுவதும் பஸ் வண்டியில் மேற்கு நோக்கி ஏறத்தாழ 300 கிலோமீற்றர் போகிறோம். பின்னர் விமானம் புறப்பட மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தில் காத்திருக்கிறோம். மணிக்கு 800 கிலோமீற்றர் விரையும் ஜெற் விமானத்துக்கு 644 கிலோமீற்றர் ஐம்பது நிமிட ஓட்டமே. ஓடுபாதைவரை ஊர்ந்து செல்வதும், மேலேறுவதும், இறங்குவதும் சேர்ந்தே அதனை ஒன்றரை மணியளவாக்குகின்றன. வீட்டுவாசலிலிருந்து கணக்கிட்டால் பதினான்கு மணி நேரம். வானில் கழிவது அதில் பத்திலொன்றும் இராது.

1996 முதல் 2006 வரை நமது கடிகாரம் இந்தியக் கடிகாரத்துக்கு முந்தி ஓடிற்று. அக்காலத்தின் பெரும்பகுதியில் வித்தியாசம் அரைமணி. போகும்போது அரைமணி மிச்சம், வரும்போது அரைமணி நட்டம் எனப் பயணச்சீட்டே வேடிக்கை காட்டியது!

வடக்கு மக்களின் நிலை வேறு. 1947 டிசெம்பர் 10ஆம் திகதி எயர் சிலோனின் முதல் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகவே சென்னை சென்றது. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 நவம்பரில் தொடங்கிய சேவை, கொரோனாவால் 2020இல் நின்று 2022 டிசெம்பரில் மீண்டது. தூரம் 355 கிலோமீற்றரளவே. ஆயினும் அது சிறகுகளில் விசிறி சுழலும் சிறு விமானமாதலால், கட்டுநாயக்கா ஜெற் விமானத்திலும் நேரம் பெரிதாகக் குறைவதில்லை. குறைவது தரைவழி அலைச்சலே. நோயாளிக்கு வேண்டியதும் அதுவன்றோ!

மட்டக்களப்பு விமான நிலையம் 2018இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அதன் ஓடுபாதை ஒன்றரைக் கிலோமீற்றரளவு. பெரிய ஜெற் விமானங்களுக்குப் போதாது, விசிறி விமானத்துக்குப் போதும். அங்கிருந்து சென்னை 608 கிலோமீற்றர். இரண்டு மணி நேரத்துள் அடையலாம். களுவாஞ்சிக்குடியிலிருந்து நிலையத்துக்கோ ஒரு மணி நேரமும் செல்லாது. ஓடுபாதையன்று, வாரந்தோறும் இருக்கைகளை நிரப்பப் பயணிகள் சேர்வரா என்பதே கடினமான கேள்வி. சேர்வர் என்பது என் எண்ணம். விமானம் நடத்துவோர் எண்ணம் வேறாயிருக்கலாம்.

முதியவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: "ஐயா, தூரம் 630 கிலோமீற்றர். சோற்றுப் பொதியை மட்டும் இரண்டு வேளைக்குக் கட்டிக்கொள்ளுங்கள்."