படத்தில் இருப்பதும் பாக்கெட்டில் இருப்பதும்

(உணவுப் பொருள் தயாரிக்கும் குழுக்களுக்கான கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம்ம கூட்டமைப்பு சார்பில் ஒரு சமையல் புத்தகம் போடுவதாகவும், மாவு, பொடி, முறுக்கு பாக்கெட்டுகளுக்குப் புதுப் படம் போடுவதாகவும் பேசியிருக்கிறோம். "படத்துக்கு என்ன, நெட்டில் எடுத்துக்கலாம்"னு சில பேர் சொன்னாங்க. அது வேண்டாம், நம்ம சமையலை நாமே படம் எடுப்போம்னு சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒண்ணு. படம் இல்லாமலும் சமையல் புத்தகம் நிற்கும். எஸ். மீனாட்சி அம்மாள் 1951இல் 'சமைத்துப் பார்' வெளியிட்டாங்க. அதில் கண்ணைப் பறிக்கும் வண்ணப் படம் கிடையாது. அளவும் பக்குவமும் தெளிவாக இருந்ததால், புதுசா கல்யாணமான எத்தனையோ பெண்கள் அதைப் பார்த்தே சமைத்தாங்க. அதனால் நம்ம புத்தகத்திலும் எழுத்து முதலில் சரியா இருக்கணும்.

பிறகு படங்களின் காலம் வந்தது. அமெரிக்காவின் டைம்-லைஃப் நிறுவனம் 1968 முதல் உலக நாட்டு உணவுகளைப் பற்றி வரிசையாகப் புத்தகங்கள் போட்டது. 1969இல் வந்த இந்தியப் புத்தகத்தை எழுதியவர் சென்னையில் பிறந்த சாந்தா ராமா ராவ். ஒவ்வொரு நாட்டுக்கும் இரண்டு புத்தகம்: பெரிய வண்ணப் படங்களோடு ஒண்ணு, அடுப்படியில் வைத்துக்கொள்ளச் சுருள்கம்பி போட்ட சமையல் குறிப்பு ஒண்ணு. பார்க்கிற புத்தகம் வேற, சமைக்கிற புத்தகம் வேறன்னு அவங்களே பிரிச்சு வைச்சிருக்காங்க பாருங்க!

பார்க்க அழகா இருக்கணும்கிறதுக்காக விளம்பரப் படத்தில் பல வேலை நடக்கும். பாலுக்குப் பதில் பசை ஊற்றுவாங்க. ஐஸ்கிரீமுக்குப் பதில் உருளைக்கிழங்கு மசியலை உருட்டி வைப்பாங்க. கேம்ப்பெல் என்ற அமெரிக்க சூப் கம்பெனி, கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டு, காய்கறியெல்லாம் மேலே நிற்கிற மாதிரி விளம்பரம் எடுத்தது. அரசு தலையிட்டு, 1970இல் அதை நிறுத்த வைத்தது.

"அது பெரிய கம்பெனி விஷயம், நமக்கென்ன?"ன்னு கேட்கலாம். ஒரு விற்பனைக் கண்காட்சியில் நான் பார்த்ததைச் சொல்றேன். ஒரு குழுவின் கேழ்வரகு முறுக்குப் பாக்கெட்டில், எங்கிருந்தோ எடுத்த பொன்னிறமான அரிசி முறுக்குப் படம். வாங்கின அம்மா பிரிச்சுப் பார்த்துட்டு, "என்னம்மா, தீய்ச்சுட்டீங்களா?"ன்னு கேட்டாங்க. தீயவே இல்லை. கேழ்வரகின் நிறமே அதுதான்! நல்ல முறுக்கை அந்தப் படம்தான் கெட்ட முறுக்காக்கிடுச்சு. மாவு பிசைந்து, எண்ணெய்ச் சூட்டில் நின்ற பெண்களின் உழைப்பு ஒரு நொடியில் போச்சு.

சட்டமும் இதைத்தான் சொல்லுது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்குபவரை ஏமாற்றும் லேபிள் கூடாது. அடுத்தவர் எடுத்த படத்தைக் கேட்காமல் போடுவதை 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் தடுக்குது.

நாமே எடுக்க நம்ம கைப்போன் போதும். வாசல் திண்ணையில், காலை வெளிச்சத்தில், நேர் வெயில் படாத நிழலில் வையுங்க. பிளாஷ் வேண்டாம். மஞ்சள் பல்பும் வேண்டாம், அது உணவின் நிறத்தையே மாற்றிடும். வெளிச்சம் ஒரு பக்கமிருந்து வரட்டும். மறுபக்கம் ஒரு வெள்ளைத் துணியைப் பிடிச்சா இருட்டு குறையும். எவர்சில்வர் தட்டு பளபளன்னு அடிக்கும். வாழை இலையோ மண்சட்டியோ நல்லது. தட்டு நிறைய வைத்த சாப்பாட்டை மேலிருந்து எடுங்க, அடுக்கி வைத்த அடையைப் பக்கத்திலிருந்து எடுங்க. முறுக்கை ஒரு கை பிடிச்சிருக்கிற மாதிரி எடுத்தா அளவும் தெரியும்.

புத்தகத்துக்கு எடுக்கும்போது முடிந்த பண்டத்தை மட்டும் எடுக்காதீங்க. மல்லாட்டை எந்த நிறத்துக்கு வறுபடணும், களி கிண்டும்போது எந்தப் பதத்தில் துடுப்பில் ஒட்டாமல் வரும், கூழ் எவ்வளவு கெட்டியா இருக்கணும்: இதெல்லாம் எழுத்தில் சொல்வது கஷ்டம். சமைக்கிறவளுக்குப் படம் உதவுற இடம் அதுதான்.

உலக உணவுன்னு போடுற புத்தகங்களில் நம்ம களியையும் கூழையும் மல்லாட்டைத் துவையலையும் தேடிப் பிடிக்கிறது கஷ்டம். அதை நாம்தான் போடணும். கறுப்பா இருந்தா கறுப்பாவே போடுவோம். மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் நம்ம பாக்கெட்டை ஒருத்தர் வாங்கிட்டுப் போனா, பிரிச்சதும் "படத்தில் இருந்ததேதான்"னு சொல்லணும். அப்பதான் அடுத்த அமாவாசைக்கும் நம்ம கடையைத் தேடி வருவாங்க.