புனித மரியம் திரேசியா

அகத்தியமலைச் சாரலில் உள்ள போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திற்குத் தமிழ்க் குடும்பங்கள் பல பிழைப்பு நாடிச் சென்றன. அங்ஙனம் கேரளத்தில் குடியேறிய நம்மவர் அறிந்துகொள்ளத் தக்கவர், வடக்கே திருச்சூரை அடுத்த புத்தன்சிறையில் 1876ஆம் ஆண்டு பிறந்த மரியம் திரேசியா அம்மையார்.

கிறிஸ்துவின் ஐந்து காயங்கள் இவர் உடலில் தோன்றின என்பர். வெள்ளிக்கிழமைகளில் இவர் சிலுவை வடிவில் தரையினின்று உயர்ந்து நிற்பதைக் காணக் கூட்டம் திரளுமாம். அவரோ காயங்களை மறைத்தே வந்தார். திருச்சபையும் உடனே நம்பிவிடவில்லை. பேயின் வேலையோ என ஐயுற்ற ஆயர் மேனாச்சேரி, 1902 முதல் 1905 வரை பன்முறை பேயோட்டும் சடங்கு நடத்துவித்தார். ஊரார் வாய்க்கு அஞ்சி வாழும் கன்னிப் பெண்ணுக்கு இஃது எளிய சோதனையன்று. அம்மையார் பணிந்தார். சடங்கை நடத்திய பங்குத் தந்தை யோசேப்பு விதயத்திலே இறுதிவரை இவருக்கு ஆன்ம குருவாயிருந்தார் என்பது வியப்பு!

அதிசயங்களைக் காட்டிலும் நமக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறு. பெண்கள் தனியே வெளிச்செல்லாத அந்நாளில், இவர் மூன்று தோழியருடன் ஏழைகளின் வீடுதேடிச் சென்றார்; பெரியம்மையும் தொழுநோயும் கண்டவர்களைத் தொட்டுப் பணிசெய்தார். அப்பணியே 1914இல் திருக்குடும்ப சபையாக உருப்பெற்றது.

காலில் பொருளொன்று விழுந்த புண் நீரிழிவால் ஆறாது போக, 8-6-1926 அன்று உயிர் நீத்தார். 2019இல் திருத்தந்தை பிரான்சிசு இவரைப் புனிதராக அறிவித்தார். குழிக்காட்டுசேரியில் உள்ளது இவர் கல்லறை. போனக்காட்டிலிருந்து செல்வோர் திருவனந்தபுரத்தில் இரயிலேறி இரிஞ்சாலக்குடாவில் இறங்கலாம்.