பதிவேட்டில் ஒரு கவிஞர் குடும்பம்



கவிஞரின் வாழ்வை அவர்தம் பாடல்களில் தேடுவது நம் இயல்பு. குடிவழி ஆய்வாளரோ பாடலை ஒருபுறம் வைத்துவிட்டுப் பதிவேட்டைப் புரட்டுகிறார். ஆங்கிலக் கவிஞர் வில்லியம் ஷேக்ஸ்பியரின் குடும்பத்தை அவ்வழியே காண்பது இவ்வுரையின் நோக்கம்.

1538ஆம் ஆண்டு, எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல், திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு தேவாலயமும் ஏட்டில் எழுதிவர வேண்டுமென ஆணையிட்டார். இங்கிலாந்தில் அரசே பிறப்பு இறப்புகளைப் பதியத் தொடங்கியது 1837இல்தான். இடைப்பட்ட மூன்று நூற்றாண்டுகளில் வாழ்ந்த ஆங்கில முன்னோரைத் தேடுவோர்க்கு இவ்வேடுகளே கைவிளக்கு. ஷேக்ஸ்பியரின் பிறந்த நாளாக ஏப்ரல் 23ஐக் கொண்டாடுவது மரபு. ஸ்ட்ராட்போர்டு தேவாலய ஏடு சொல்வதோ 1564 ஏப்ரல் 26 என்னும் திருமுழுக்கு நாளை மட்டுமே.

அவருக்கு முன் பிறந்தோர் பெண்மக்கள் இருவர். 1562 டிசம்பரில் திருமுழுக்குப் பெற்ற மார்கரெட், ஐந்து மாதங்களில் அடக்கம் செய்யப்பட்டாள். 1558இல் திருமுழுக்குப் பெற்ற ஜோனுக்கு அடக்கக் குறிப்பே இல்லை. ஆயினும் 1569இல் அதே பெற்றோர் மற்றொரு மகளுக்கும் ஜோன் என்றே பெயரிட்டனர். மூத்தவள் அதற்குள் இறந்திருக்க வேண்டும் என ஆய்வாளர் உய்த்துணர்வது இப்பெயரைக் கொண்டே. ஏடு எழுதாது விட்ட துயரைத் தங்கையின் பெயர் உரைத்துவிடுகிறது.

1564 ஜூலையில் ஓர் அடக்கப் பதிவின் அருகே, கொள்ளைநோய் இங்குத் தொடங்கிற்று என்னும் பொருள்பட இலத்தீன் குறிப்பொன்று உள்ளது. அப்போது வில்லியம் மூன்று மாதமும் நிரம்பாத கைக்குழந்தை!

ஒரே சான்றை நம்புவதும் தவறாகும். 1582 நவம்பர் 27 அன்று வூஸ்டர் மறைமாவட்ட ஏட்டில் மணமகள் பெயர் ஆன் வாட்லி என்றுள்ளது. மறுநாள் எழுதிய பிணைப் பத்திரத்தில் ஆன் ஹாத்வே என்றுள்ளது. இதனைக் கொண்டு காதற்கதை புனைந்தோரும் உளர். எழுத்தர் செய்த பிழை என்பதே அறிஞர் பெரும்பாலோர் கருத்து.

கவிஞரின் ஒரே மகன் ஹாம்னெட் 1596 ஆகஸ்டு 11இல், பதினோராம் வயதில் அடக்கம் செய்யப்பட்டான். அவனுடன் இரட்டையராய்ப் பிறந்த ஜூடித், 1611இல் ஒரு பத்திரத்தில் சாட்சியாகக் கையொப்பமிடாது குறியே இட்டாள். மொழியை ஆண்ட கவிஞரின் மகளுக்கு எழுத்து வாய்த்ததா என்னும் வினாவை அக்குறி நம்முன் வைக்கிறது. அவளுடைய மூன்று மைந்தரும் அவளுக்கு முன்னரே மறைந்தனர். மூத்த மகள் சூசன்னாவின் ஒரே மகள் எலிசபெத், 1670இல் மகப்பேறின்றி மறைந்தாள். கவிஞரின் நேர்வழி அத்துடன் முடிந்தது.

ஆனால் குடி அழியவில்லை. இறந்த தமக்கையின் பெயரைத் தாங்கிய இரண்டாம் ஜோன், ஹார்ட் என்பவரை மணந்தாள். அவள் வழிவந்தோர் இன்றும் வாழ்கின்றனர்.

கவிஞர் வரலாறு எழுதப் புகுவோர்க்கு என் வேண்டுகோள் ஒன்றே: அவருடன் பிறந்த பெண்களின் பெயர்களையும் தேடுங்கள். குடும்பத்தின் வரலாறு பெரும்பாலும் அப்பெயர்களிலேதான் காத்திருக்கிறது.