பன்னிரண்டு கோயில், பன்னிரண்டு குளியல்

மார்த்தாண்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் போகும் பேருந்தில் ஏறினால் வழியில் புதுக்கடை வரும். அந்த ஊருக்குப் பக்கத்திலேயே முஞ்சிறை. அங்கே ஒரு சிறு குன்றின்மேல் திருமலை மகாதேவர் கோயில். ஒரு பெரிய குளியல் பயணம் இங்கிருந்துதான் தொடங்குகிறது. இன்று உங்களை அதற்குத்தான் அழைத்துப்போகிறேன்.

சிவாலய ஓட்டம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மாசி மாதம், மகா சிவராத்திரிக்கு முந்தைய நாள் மாலை. காவி வேட்டியும் கையில் பனையோலை விசிறியுமாக ஆயிரக்கணக்கானவர்கள் திருமலையில் கூடுவார்கள். பன்னிரண்டு சிவாலயங்களை, ஏறத்தாழ 110 கிலோமீட்டரை, வெறுங்காலோடு ஓடியும் நடந்தும் மறுநாள் இரவுக்குள் முடிக்க வேண்டும். போவது சிவன் கோயிலுக்கு, வாயில் வருவதோ “கோவிந்தா, கோபாலா!” பீமனும் புருஷாமிருகமும் வரும் கதை ஒன்றை இதற்குக் காரணமாகச் சொல்வார்கள். அது தனியாகச் சொல்ல வேண்டிய கதை. என் பேச்சு தண்ணீரைப் பற்றியது. ஒவ்வொரு கோயிலிலும் குளத்திலோ ஆற்றிலோ முங்கி எழுந்து, ஈர உடையோடுதான் நடைக்குப் போக வேண்டும். பன்னிரண்டு கோயில், பன்னிரண்டு குளியல்.

வீட்டுக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு குளித்தே வளர்ந்த இளைஞர்களுக்கு முதல் படியில் ஒரு தயக்கம் வரும். சுற்றிலும் முகம் தெரியாத மனிதர்கள், அரை இருட்டு, காலுக்கடியில் பாசி. பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் கையை நீட்டுவார்: “மக்களே, காலப் பாத்து வையி. பயப்படாத, மூணு முங்கு முங்கு.” அவ்வளவுதான். முதல் முங்கில் உடம்பு நடுங்கும். மூன்றாவது முங்கில் கூச்சம் போயிருக்கும். கரையேறித் தோர்த்துத் துண்டைப் பிழிந்து தோளில் போடும்போது, பக்கத்தில் நிற்பவர் என்ன வேலை பார்க்கிறவர், எவ்வளவு சொத்து உள்ளவர் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜப்பானில் ‘செந்தோ’ என்ற பொதுக் குளியல் கூடங்கள் உண்டு. அங்கே முதன்முறையாகப் போகிறவர்களுக்கும் இதே தயக்கம்தான். ஆணும் பெண்ணும் தனித்தனிப் பக்கம். உடைகளைக் களைந்துவிட்டு, சிறு முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு உடம்பைச் சுத்தமாகக் கழுவிய பிறகே பெரிய வெந்நீர்த் தொட்டியில் இறங்க வேண்டும். கையிலிருக்கும் துண்டுகூடத் தொட்டி நீரில் படக்கூடாது. அடுத்தவரும் அதே நீரில்தான் இறங்கப்போகிறார். நம் கோயில் குளங்களிலும் இந்த மரியாதை இருந்தது. காலைக் கழுவிவிட்டுத்தான் இறங்குவார்கள். குளத்துக்குள் எச்சில் துப்பினால் சும்மா விடமாட்டார்கள்.

மீண்டும் ஓட்டத்துக்கு வருவோம். திருமலையிலிருந்து மார்த்தாண்டம் வழியாகத் திக்குறிச்சி. இங்கே குளியல் ஆற்றில். கோதையாறும் பரளியாறும் கூடி, குழித்துறைத் தாமிரபரணி என்ற பெயரோடு வரும் ஆறு இது. புதுக்கடைக்கு அருகே தேங்காய்ப்பட்டணத்தில்தான் கடலைச் சேர்கிறது. அருமனை, களியல் தாண்டித் திற்பரப்புக்குப் போனால், அந்தக் கோதையாறே பாறையில் அருவியாக விழுகிறது. ஓடுகிறவர்கள் கடலுக்கு அருகிலிருந்து புறப்பட்டு மலையை நோக்கி, ஆற்றுக்கு எதிர்முகமாகப் போகிறார்கள் என்பதைக் கவனித்தீர்களா? மேலே போகப்போக நீரின் குளிர்ச்சி கூடும். அடுத்து, குலசேகரம் வழியாகத் திருநந்திக்கரை. அங்கே குடைவரைக் கோயிலும் உண்டு, அதில் பழைய ஓவியங்களின் மிச்சமும் உண்டு. பிறகு பொன்மனை, பன்னிப்பாகம். வழியெல்லாம் மக்கள் மோரும் பானகமும் சுக்கு நீரும் கஞ்சியும் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

ஏழாவது, கல்குளம். பத்மநாபபுரம் கோட்டைக்குள் நீலகண்டசாமி கோயில். பக்கத்தில் பெரிய தெப்பக்குளம். அங்குள்ள அரண்மனைக்கு உள்ளேயும் படிக்கட்டோடு ஒரு குளியல் குளம் இருக்கிறது. இந்த இரண்டு குளங்களையும் பார்க்கும்போது எனக்கு ஒன்று சொல்லத் தோன்றும். அரச குடும்பம் குளிக்கத் தனி இடம் இருந்த காலத்தில், கோயில் குளத்தின் படியைக்கூட மிதிக்க முடியாமல் வைக்கப்பட்டிருந்த மக்கள் இந்த நாட்டில் ஏராளம். 1936 நவம்பர் 12 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்ட பிறகுதான், திருவிதாங்கூர் அரசுக் கோயில்களின் கதவு எல்லா இந்துக்களுக்கும் திறந்தது. அதற்குப் பின்னால் எத்தனையோ பேரின் நெடுங்காலப் போராட்டம் இருக்கிறது. இன்று எந்தக் கேள்வியும் இல்லாமல் எல்லோரும் ஒரே படியில் இறங்குகிறோம். இதைச் சாதாரணமாக நினைத்துவிடக்கூடாது.

மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போகும்போது காலில் கொப்புளம் வந்திருக்கும். அப்போது குளம் மருந்தாகிவிடும். முழங்கால்வரை தண்ணீரில் நின்றாலே அடுத்த கோயிலுக்குப் போகும் தெம்பு வருகிறது. கடைசியாகத் திருநட்டாலம். அங்கே நடப்பவர்களும் ஓடுபவர்களும், இப்போது வண்டிகளில் வரும் பெண்களும் குடும்பங்களும் ஒன்றாகக் கூடுகிறார்கள்.

ஜப்பானில் 1960களின் இறுதியில் ஏறத்தாழ 18,000 செந்தோக்கள் இருந்தன. இன்று 2,000-க்கும் குறைவு. வீட்டுக்கு வீடு குளியலறை வந்தது, கூடங்கள் மூடப்பட்டன. நம் குளங்களுக்கும் வந்திருப்பது அதே நோய்தான். ஆள் இறங்காத குளத்தில் பாசி படரும், பிறகு ஆகாயத்தாமரை, பிறகு குப்பை. தினமும் நாலு பேர் குளிக்கிற குளத்தில் கை வைக்க எவருக்கும் துணிவு வராது. ஆகவே சிவராத்திரிக்கு மட்டும் குளத்தை நினைப்பது போதாது என்பது என் உறுதியான எண்ணம்.

அடுத்த மாசியில் நீங்களும் வாருங்கள். பன்னிரண்டையும் ஓட முடியாவிட்டால் திருமலையிலும் திக்குறிச்சியிலுமாவது முங்கிவிட்டுப் போங்கள். நீச்சல் தெரியாதவர்கள் மேல்படியோடு நின்றுகொள்ளுங்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். ஒரு தோர்த்தும் மாற்றுடையும் போதும். சோப்பையும் ஷாம்புப் பாக்கெட்டையும் தயவுசெய்து வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.